'ஏ.ஏ.வுக்கே போயும் தேறலை'ன்னு சொல்ற மாமாக்களுக்கு

போன மாசம் விருதுநகர் பக்கம் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில எனக்கு ரெண்டு இலை தள்ளி ஒரு மாமா. சாம்பார் முடிஞ்சு வத்தக்குழம்பு வர்ற இடைவெளியில என் பெரியம்மா பையனைப் பத்திப் பேச்சு வந்துச்சு. "அவனா? குடிகாரங்க எல்லாம் கூடி உக்காந்து பேசுவாங்களாமே, ஏ.ஏ.வோ என்னவோ, அதுக்கே போய்ப் பார்த்துட்டு வந்துட்டான்யா. அங்கயே தேறலை. இனிமே அவன் அவ்ளோதான்."

சொல்லிட்டு ரசத்துக்குக் கை காட்டினார்.

அவர் யாரை வச்சுக்கிட்டு இதைச் சொல்றார்னு அவருக்குத் தெரியாது. ரெண்டு இலை தள்ளி உக்காந்து பாயசத்தை அப்பளத்தோட நொறுக்கிட்டு இருந்தவனும் அதே கூட்டத்துல ஒருத்தன்தான். கடைசியா குடிச்சு ரெண்டு வருஷம் நாலு மாசம் ஆச்சு. ஆமாம் மக்களே, இதே பதிவுல பீர் பத்தி நாலு மொக்கை போட்டு உங்ககிட்ட கும்மி வாங்கினவன்தான். நடுவுல ஒரு வருஷத்துக்கு மேல காணாமப் போனப்ப 'ஆபிஸ்ல ஆணி அதிகம்'னு சொல்லி வச்சேனே, அது ஆணி இல்லை.

பந்தியில வாயைத் திறக்கலை. கல்யாண வீட்ல எதுக்கு வம்புன்னு எழுந்து கை கழுவிட்டேன். அங்க சொல்லாம விட்டதைத்தான் இங்க எழுதுறேன். அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "பேரைப் போடாதடா, மத்ததை நல்லா காட்டமா எழுது"ன்னு சொல்லியிருக்கார்.

பந்தி முடிஞ்சு மண்டபத்துக்குப் பின்னாடி, சமையல்கட்டுப் பக்கம் அண்ணனைப் பிடிச்சேன். கையில வாட்டர் பாட்டில். உள்ள இருந்தது முழுக்கத் தண்ணி இல்லைன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

"அண்ணே, எத்தனை மீட்டிங் போனீங்க?"

"ஒண்ணுடா."

ஒண்ணு! ஒரே ஒரு சாயங்காலம், ஒண்ணரை மணி நேரம். அதை வச்சுத்தான் 34 வயசு ஆளுக்குப் பந்தியில தீர்ப்பு எழுதியிருக்காங்க. சுகர் மாத்திரை ஒண்ணு ஒத்துக்கலைன்னா அதே மாமா டாக்டரை மாத்துவார், ஊரை மாத்துவார், கடைசியில கேரளா வைத்தியர் வரைக்கும் போவார். 'மருத்துவத்துக்கே இவன் தேறலை'ன்னு அவரை யாரும் சொன்னது கிடையாது.

சரி, அண்ணன் ஏன் திரும்பப் போகலை? "சிரிக்கிறாங்கடா"ன்னார். புரியலை. "ஒருத்தர் எழுந்து, பொண்டாட்டி நகையை அடகு வச்சுக் குடிச்சுட்டு, பஸ் ஸ்டாண்ட்ல கிடந்ததைச் சொல்றாரு. மொத்த ரூமும் சிரிக்குது. அவரும் சிரிக்கிறாரு. எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. எழுந்து வந்துட்டேன்."

எனக்கும் அந்தச் சிரிப்பு ஆரம்பத்துல பிடிக்கலை. அது அடுத்தவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு இல்லை, 'நானும் அதே பஸ் ஸ்டாண்ட்தான்'ங்கிற சிரிப்புன்னு புரிய எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. ஆனா முதல் நாள் வந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? ஒருத்தர் பக்கத்துல உக்காந்து, "தம்பி, இங்க இப்படித்தான், பயப்படாதீங்க"ன்னு சொல்லியிருந்தா போதும். அன்னைக்கு யாரும் சொல்லலை. வேற ஒரு அறையில சொல்லியிருப்பாங்க. அந்த வேற அறை இருக்குதுங்கிறதே அண்ணனுக்குத் தெரியாது.

இந்தப் பதிவு எழுதக் காரணமே இந்தக் கடைசி வரிதான்.

ஏ.ஏ., அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935ல அமெரிக்காவுல ஆக்ரன்ங்கிற ஊர்ல ஆரம்பிச்சது. ஒரு பங்குச்சந்தை ஆளும் ஒரு டாக்டரும், ரெண்டு பேரும் குடிநோயாளிகள், ஒருத்தனைப் பிடிச்சு ஒருத்தன் கரையேறினாங்க. இந்தியாவுக்கு 1957ல வந்துச்சு. இன்னைக்கு உலகம் முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல குழுக்கள். நம்மாளுங்க இதை ஏதோ ஒரே ஆஸ்பத்திரி, ஒரே டாக்டர், ஒரே மருந்துன்னு நினைச்சுக்கறாங்க. அங்கதான் கோளாறு. ஏ.ஏ.வுல ஒவ்வொரு குழுவும் தனித்தனி. அவங்களுக்குன்னு 12 பாரம்பரியங்கள் இருக்கு. அதுல நாலாவது, ஒவ்வொரு குழுவும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கும்னு சொல்லுது. தலைமை ஆபிஸ்ல இருந்து யாரும் வந்து லைசென்ஸ் குடுக்கறதில்லை, இன்ஸ்பெக்‌ஷன் பண்றதில்லை. குடிநோயாளிங்க ரெண்டு மூணு பேர் சேர்ந்தா ஒரு குழு.

பொட்டி தட்டுறவங்க பாஷையில சொன்னா இது ஓப்பன் சோர்ஸ். 12 படிகள்ங்கிற ஸ்பெக் பொது. ஆளாளுக்கு ஒரு பில்ட். நீ இறக்கின ஒரு பில்ட் க்ராஷ் ஆனா ப்ராஜெக்டையே குப்பைன்னு சொல்லுவியா? இல்ல, உன் மெஷினைக் குப்பைன்னு சொல்லுவியா? மாமா ரெண்டாவதைச் சொல்றார்.

ஆனா அந்த மாமாவை மட்டும் திட்டிட்டுப் போனா நான் யோக்கியன் இல்லை. அந்த வாக்கியத்தை எனக்கு நானே முதல்ல சொல்லிக்கிட்டேன்.

எனக்கு அப்ப 25 வயசு. சென்னையில வேலை. தினமும் குடி. காலையில ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல கேமராவை ஆஃப் பண்ணி வச்சுக்கிட்டுப் பேசுவேன், கை நடுங்குறது தெரியக்கூடாதுன்னு. அம்மா அழுததுல ஒரு நாள் முதல் மீட்டிங் போனேன். நகரத்துல வசதியான ஒரு ஏரியா. எல்லாம் இங்கிலீஷ். வந்திருந்தவங்க பெரும்பாலும் ரிட்டயர் ஆன அங்கிள்கள், நல்ல மனுஷங்க, எனக்கு டீயும் மாரி பிஸ்கட்டும் குடுத்தாங்க. அவங்க கதையில கிளப் இருந்துச்சு, கம்பெனி இருந்துச்சு, ரெண்டாவது பைபாஸ் இருந்துச்சு. என் கதையில டாஸ்மாக், வாட்டர் பாக்கெட், ஊறுகாய். என் முறை வந்தப்ப "ஐ ஆம் ஹேப்பி டு பி ஹியர்"னு ஒரு பொய்யை இங்கிலீஷ்ல சொல்லிட்டு உக்காந்தேன். இன்டர்வியூவுக்குப் போன மாதிரியே இருந்துச்சு. வெளிய வந்தப்ப மனசு கணக்குப் போடுது: எனக்கு லிவர் நல்லாத்தான் இருக்கு, வேலை இருக்கு, பைபாஸ் இல்லை, அப்போ நான் அந்த அளவுக்கு இல்லை. நேரா எங்க போனேன்னு கேக்காதீங்க. கடை 10 மணி வரைக்கும் திறந்திருக்கும்.

அதுக்கப்புறம் 14 மாசம். அம்மா எப்ப வாயைத் திறந்தாலும், "அதான் போய்ப் பார்த்துட்டேன்ல, எனக்கு செட் ஆகலை"ம்பேன். அதை விட நல்ல கேடயம் ஒரு குடிகாரனுக்குக் கிடைக்காது. முயற்சி பண்ணின பேரும் ஆச்சு, குவார்ட்டரும் கையில ஆச்சு. அந்த 14 மாசத்துல ஒரு வேலை போச்சு. ஒரு பொண்ணும் போனா. அது வேற கதை, இங்க வேண்டாம்.

ரெண்டாவது மீட்டிங் தமிழ்தான். அதுக்குள்ள நான் ஒரு மனநல டாக்டரைப் பார்த்து மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சிருந்தேன். டிப்ரஷன். அங்க ஒரு பெரியவர், பல வருஷம் குடிக்காம இருக்குறவர், பக்கத்துல கூப்பிட்டு உக்கார வச்சு, "தம்பி, மாத்திரையும் போதைதான். அதையும் விட்டாத்தான் சுத்தம்"னார். வயசுல பெரியவர், குடியை ஜெயிச்சவர், அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நாலு நாள் மாத்திரையை நிறுத்தினேன். அஞ்சாவது நாள் எங்க இருந்தேன்னு என் ரூம்மேட்தான் சொல்லணும்.

இதுல கடுப்பு என்னன்னா, ஏ.ஏ.வே இதைச் செய்யாதேன்னுதான் சொல்லுது. மருந்து பத்தி அவங்களே ஒரு தனிப் பிரசுரம் போட்டிருக்காங்க. எந்த உறுப்பினரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது, மருந்து விஷயம் மருத்துவரோட பேசிக்கிறதுன்னு அதுல தெளிவா இருக்கு. அந்தப் பெரியவர் படிக்கலையா, படிச்சும் தனக்குத் தெரிஞ்சதுதான் பெருசுன்னு நினைச்சாரான்னு தெரியலை. உங்க குடி மருந்து இல்லாம நின்னுச்சுன்னா சந்தோஷம் ஐயா. என் மாத்திரையில கை வைக்க உங்களுக்கு யாரு உரிமை குடுத்தா? அந்த மாதிரி அறையில இருந்து எழுந்து வர்றது ஓடிப்போறது இல்லை. புத்தி.

இதே சாயலில் இன்னொரு வசனமும் உண்டு: "நீ இன்னும் அடி வாங்கலை தம்பி. வாங்கிட்டு வா." பழைய ஆளுங்க சில பேர் பாசமாத்தான் சொல்றாங்க. ஆனா இதைக் கேட்டுட்டு வெளிய போறவன்ல எத்தனை பேர் திரும்பி வர்றதுக்கு உயிரோட இருப்பான்? ஏ.ஏ.வோட மூணாவது பாரம்பரியத்துல உறுப்பினராக ஒரே ஒரு தகுதிதான் கேக்கறாங்க: குடியை நிறுத்தணும்னு ஆசை. அடி வாங்கின சர்டிபிகேட் கேக்கலை. இளசா வர்றவனைப் பார்த்து, 'நீ எங்க அளவுக்கு நாசமாகலை'ன்னு சொல்றது, கேன்சர் முதல் ஸ்டேஜ்ல வந்தவனை நாலாவது ஸ்டேஜுக்குப் போயிட்டு வான்னு அனுப்பற மாதிரி.

மூணாவதா ஆன்லைன். 2020 கொரோனா ஊரடங்குல எல்லாம் ஜூமுக்குப் போச்சே, அதுல பல மீட்டிங்குகள் இன்னும் அப்படியே நடக்குது. ராத்திரி ஒரு மணிக்குக் கை பரபரன்னு இருக்கும்போது எங்கயோ ஒரு ஊர்ல ஒரு மீட்டிங் ஓடிட்டு இருக்கும். அது என்னைப் பல ராத்திரி காப்பாத்துச்சு, நன்றி மறக்கலை. ஆனா கேமராவை ஆஃப் பண்ணிட்டா அங்க என்ன குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்னு யாருக்குத் தெரியும்? ஒரு நாள் மீட்டிங்ல இருந்துக்கிட்டே குடிச்சேன். அதுக்கு மேல அதை மட்டும் நம்பக் கூடாதுன்னு புரிஞ்சுச்சு.

நாலாவது அறை. பஸ் போற ரோட்டுக்கு மேல மாடியில ஒரு ஸ்கூல் கிளாஸ் ரூம். சின்னப் பசங்க பெஞ்சு, முட்டி இடிக்கும். போர்டுல அன்னைக்குப் பாடம் அழிக்காம இருந்துச்சு, ஐந்திணையும் கருப்பொருளும். ஆட்டோ ஓட்டுறவர் ஒருத்தர், பேங்க் கிளார்க் ஒருத்தர், கார்ப்பரேஷன் வேலை ஒருத்தர், மீன் வியாபாரம் ஒருத்தர். என் வயசு யாரும் இல்லை, என் வேலை யாரும் இல்லை. தப்பான இடத்துக்கு வந்துட்டோம்னுதான் நினைச்சேன். அப்ப அந்த ஆட்டோ அண்ணன் பேசினார். டாஸ்மாக் லீவு நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவருக்கு நெஞ்சு எப்படி அடிச்சுக்கும், ஒரு பாட்டில் வாங்கப் போய் மூணு வாங்கி, மூணையும் வெவ்வேற இடத்துல ஒளிச்சு, லீவு நாள் விடியறதுக்குள்ள மூணும் காலி ஆனதை, காலையில 'இனிமே என்னடா பண்ணுவ'ன்னு தன்னையே கண்ணாடியில கேட்டதைச் சொன்னார். காந்தி ஜெயந்திக்கு முந்தின நாள் நான் செஞ்சது அச்சு அசலா அதேதான். நான் லேப்டாப் பையில ஒளிச்சேன், அவர் சீட்டுக்கு அடியில. வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் வாழ்க்கை முழுக்கத் தமிழ்லதான் பொய் சொல்லியிருக்கேன். "ஒண்ணும் இல்லம்மா, ட்ராபிக்"னு தமிழ்லதான் சொல்லியிருக்கேன். அதனால உண்மையும் எனக்குத் தமிழ்லதான் வந்துச்சு. அன்னைக்கு முதல் தடவையா பேசினேன். என்ன பேசினேன்னு ஞாபகம் இல்லை. பேசி முடிச்சப்ப பேங்க் கிளார்க் சார் கைக்குட்டையை நீட்டினார், அது மட்டும் ஞாபகம் இருக்கு.

எனக்கு ஏத்த அறை எதுன்னு யாராவது கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்திருந்தா, 'இளைஞன், ஐடி, இங்கிலீஷ் தெரியும்'னு முதல் அறைக்குத்தான் அனுப்பியிருக்கும். பொருத்தம் அப்படி வர்றதில்லை. அந்த முதல் அறை இன்னொருத்தனுக்கு உயிர் குடுத்த அறையா இருக்கும். இருக்குதுன்னும் எனக்குத் தெரியும், அதுல ஒருத்தர் இப்ப என் நண்பர். அதனாலதான் உள்ள போய் உக்காந்துதான் பார்க்கணும், ஒண்ணு இல்லை, நாலஞ்சு.

இப்ப நம்ம பகுத்தறிவு நண்பர்கள் வருவாங்க. பின்னூட்டத்துல வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்: "அது சாமி கும்பிடுற கூட்டம்யா." 12 படிகள்ல கடவுள்ங்கிற சொல் வருது, மறுக்கலை. ஆனா 1939ல அந்தப் புத்தகம் எழுதும்போதே ஆரம்ப உறுப்பினர்கள்ல இருந்த நாத்திகர்கள் சண்டை போட்டு, அவரவர் புரிஞ்சுக்கிற கடவுள்னு இளக்கி வச்சாங்க. எங்க குழுவுல ஒருத்தர் கருப்புச் சட்டைக்காரர், அவரோட மேலான சக்தி அந்தக் குழுவேதான். சண்டை அதோட தீர்ந்துச்சுன்னும் சொல்லலை. கனடாவுல டொரான்டோவுல 2011ல நாத்திகக் குழுக்களைப் பட்டியல்ல இருந்தே எடுத்தாங்க, மனித உரிமைப் புகார் வரைக்கும் போய், 2017லதான் திரும்பச் சேர்த்தாங்க. அப்படியும் கடவுள் சத்தம் காதுல விழக்கூடாதுன்னா ஸ்மார்ட் ரெக்கவரி இருக்கு. 1994ல இருந்து நடக்குது, சாமி கிடையாது, மனநல முறைப் பயிற்சிகள், ஆன்லைன்லயும் வரலாம். நான் எட்டிப் பார்த்தது எல்லாம் இங்கிலீஷ்ல இருந்துச்சு. அமெரிக்காவுல லைஃப்ரிங், பெண்களுக்குன்னு விமன் ஃபார் சோப்ரைட்டின்னு இன்னும் இருக்கு. கடவுள் பிடிக்கலைன்னா வேற கதவைத் தட்டு. கதவே இல்லைன்னு அடுத்தவன் காதுல ஓதாதே. அவனுக்கு ஒரே ஒரு சாக்குதான் தேவை, அதை நீ குடுத்துட்டுப் போயிடுற.

(எங்க சொந்தத்துல ஒரு அத்தை, நான் ஒரு சர்ச் ஹாலுக்குள்ள போனதைப் பார்த்துட்டு, "புள்ள மதம் மாறிட்டான்"னு ஊருக்குப் போன் போட்டாங்க. ஏ.ஏ. குழுங்க வாடகைக்குக் கிடைக்கிற எடத்துல உக்காருவாங்க, சர்ச், ஸ்கூல், எதுவானாலும். எந்த மதத்தோடயும் சம்பந்தம் இல்லை. குடிச்சுட்டுக் கிடந்தப்ப போன் போடாத அத்தை இதுக்குப் போட்டாங்க பாருங்க :-))

'இதெல்லாம் வேலை செய்யுதுன்னு ஆதாரம் என்ன?' நல்ல கேள்வி. காக்ரேன் அமைப்பு 2020ல வெளியிட்ட தொகுப்பு 27 ஆய்வுகள், 10,565 பேரை எடுத்துப் பார்த்துச்சு. மருத்துவர்கள் முறையா ஏ.ஏ. பக்கம் அனுப்பி வைக்கிற சிகிச்சைகள், தொடர்ந்து குடிக்காம இருக்குறதுல மத்த சிகிச்சைகளை விட மேலாவே இருந்துச்சுன்னு சொன்னாங்க. 2018ல வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு 12 படிக் குழுக்களையும் நான் மேல சொன்ன மூணு மாற்றுக் குழுக்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துச்சு. எந்தக் குழுவா இருந்தாலும், யார் அதிகமா ஈடுபட்டாங்களோ அவங்களுக்குப் பலன் அதிகம். ஈடுபாடு எங்க வரும்? கூனிக் குறுகி உக்காந்திருக்கிற இடத்துல வருமா? அதனால பொருந்துற அறையைத் தேடறதுங்கறது சொகுசு இல்லை, சிகிச்சையில ஒரு பாகம்.

நியாயமான எதிர்வாதம் ஒண்ணு இருக்கு, அதை மழுப்ப மாட்டேன். 'இப்படிச் சொன்னா ஒவ்வொருத்தனும் அறை சரியில்லை, அறை சரியில்லைன்னே மாத்திக்கிட்டு குடிச்சுக்கிட்டு இருப்பான்.' உண்மை. நானே இருந்தேன். எங்க குழுவுல ஒருத்தர் சொன்ன கணக்கைத்தான் இப்ப நான் எல்லாருக்கும் சொல்றேன். ஒரு அறையை மூணு நாலு தடவை பாரு, ஒரே தடவையில முடிவு பண்ணாதே (யாராவது மருந்தை நிறுத்தச் சொன்னாலோ, காசு கேட்டு நச்சரிச்சாலோ, பொண்ணுங்ககிட்ட வழிஞ்சாலோ அன்னைக்கே எழுந்துடு). புது அறை தேடுற வாரத்துலயும் பழைய அறைக்குப் போறதை நிறுத்தாதே. 'இவங்க எனக்கு எப்படி எல்லாம் ஒத்துப் போகலை'ன்னு பட்டியல் போட்டுக்கிட்டே உக்காந்திருந்தா, அது அறையோட குத்தம் இல்லை, நாக்கு தேடுது. அதை அறிய அளவுகோல் எல்லாம் கிடையாது, உனக்கே தெரியும்.

பொண்ணுங்களுக்கு நான் என்ன சொல்றதுன்னு தெரியலை. நான் போன அறைகள்ல பெண்கள் ரொம்பக் குறைவு, பல நாள் ஒருத்தர்கூட இல்லை. என் பழைய டீம்ல ஒரு பொண்ணு, பிரச்சினை என்னோடதுதான், அதே அளவு. முப்பது ஆம்பளைங்களுக்கு நடுவுல போய் உக்காந்து, 'நான் குடிநோயாளி'ன்னு சொல்ல வேண்டியிருக்கும்; வெளிய வந்தா ரோட்ல நாலு பேர் பார்ப்பான். 'மனசு வைக்கணும்'னு அவகிட்ட சொல்ல எந்த மாமாவுக்கு யோக்கியதை இருக்கு? ஆன்லைன்ல பெண்களுக்கு மட்டுமான மீட்டிங் ஒண்ணு பிடிச்சு, இப்ப வாராவாரம் போறா. அவளுக்குப் பொருந்துற அறை கம்ப்யூட்டர் திரையிலதான் கிடைச்சுச்சு. எனக்கு அங்க பொருந்தலை. நான் சொல்றது புரியுதா?

அம்மாக்களுக்கும் ஒண்ணு இருக்கு. குடிக்கிறவங்களோட குடும்பத்துக்குன்னு அல்-அனான். 1951ல, ஏ.ஏ. ஆரம்பிச்சவரோட மனைவி இன்னொருத்தரோட சேர்ந்து ஆரம்பிச்சது. என் அம்மாவுக்கும் முதல் தடவை பிடிக்கலை. "எல்லாரும் அழறாங்கடா, எனக்கு வீட்லயே அழ முடியும்"னாங்க. ரெண்டாவது குழுவுலதான் ஒட்டிக்கிட்டாங்க. இப்ப எனக்கு மீட்டிங் இருக்கோ இல்லையோ, அவங்க தன் மீட்டிங்கைத் தவற விடறதில்லை.

டாஸ்மாக் 2003ல சில்லறை விற்பனையைக் கையில எடுத்ததுல இருந்து பிராந்திக் கடை எங்கன்னு இந்த மாநிலத்துல யாரும் யாரையும் வழி கேக்கத் தேவையில்லை. 2023ல 500 கடையை மூடினப்பகூட அடுத்த கடைக்கு நடக்குற தூரம்தான். பக்கத்துல எந்த நாள், எந்த நேரம், எந்த பாஷையில ஒரு மீட்டிங் நடக்குதுன்னு அந்த பந்தியில உக்காந்திருந்த இருநூறு பேர்ல யாருக்காவது தெரியுமா? தெரியாதவங்கதான் 'அங்கயே தேறலை'ங்கறாங்க.

டிஸ்கி 1: தினமும் குடிக்கிறவங்க இந்தப் பதிவைப் படிச்சுட்டு வீராப்பா நாளைக்குக் காலையில இருந்து நிறுத்திடாதீங்க. ரொம்ப நாள் குடிச்ச உடம்பு திடீர்னு நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம். முதல்ல டாக்டர், அப்புறம் மீட்டிங். மீட்டிங் ஆஸ்பத்திரி இல்லை. சென்னையில 1980ல சாந்தி ரங்கநாதன் தொடங்கின டி.டி.கே. மருத்துவமனை மாதிரி இதுக்குன்னே இருக்குற இடங்கள் உண்டு, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுலயும் பார்ப்பாங்க. போன்ல கேக்கணும்னா மத்திய அரசோட போதை மீட்பு உதவி எண் 14446, இலவசம்.

டிஸ்கி 2: நான் எந்தக் குழு, எந்தத் தெருன்னு கேட்டு மெயில் அனுப்பாதீங்க. அங்க வர்றவங்க அடையாளம் என்னோடது இல்லை, வெளிய சொல்ல. மீட்டிங் போகணும்னு கேட்டு அனுப்புங்க, கூடவே வர்றேன்.

அண்ணன் குரோம்பேட்டையில இருக்கார். கல்யாணத்துக்கு அப்புறம் டாக்டரைப் பார்த்து, அஞ்சு நாள் வார்டுல இருந்து, போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தார். இன்னைக்கு வியாழக்கிழமை. ஏழு மணிக்கு அந்த மாடி கிளாஸ் ரூம்ல மீட்டிங். அண்ணனுக்கு அது ரெண்டாவது மீட்டிங். ஆறு மணிக்குப் பைக்கோட வாசல்ல நிக்கிறேன்னு சொல்லியிருக்கேன், "வாடா பார்ப்போம்"னார். வருவாரான்னு தெரியலை. சிரிப்பாங்கண்ணே, அது ஏன்னு நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன்னேன்.

டீ போடற முறை இந்த வாரம் என்னோடது. பால் வாங்கணும். பின்னூட்டங்களை ராத்திரி வந்து பார்க்குறேன்.